செவி மருத்துவர் ஜோசப் டாயின்பீ

டாயின்பீ என்னும் பெயர் கல்லூரி மாணவர்க்குப் புதியதன்று. உலக நாகரிகங்களின் தோற்றத்தையும் தேய்வையும் பல பெருநூல்களில் ஆராய்ந்த ஆர்னால்டு ஜோசப் டாயின்பீயை (1889–1975) வரலாறு பயில்வோர் அறிவர். அவருடைய பெரிய தந்தையாரும், தொழிற்புரட்சி என்னும் சொல்லை ஆங்கில நாட்டு அறிஞரிடையே நிலைநாட்டியவருமான மூத்த ஆர்னால்டு டாயின்பீயைப் பொருள்நூல் பயில்வோர் அறிவர். அன்னார் நினைவாக 1884-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் கிழக்குச் சேரியில் எழுந்த டாயின்பீ மண்டபத்தைப் பற்றியும் பலர் கேள்விப்பட்டிருப்பர். ஆனால், முன்னவருக்குப் பாட்டனாரும் பின்னவருக்குத் தந்தையாருமாகிய ஜோசப் டாயின்பீயை மருத்துவ நூல் கற்றோரன்றிப் பிறர் நினைப்பதில்லை. மக்கட் செவியின் உள்ளறைக்குக் காற்று எவ்வழியாகச் செல்கின்றது, எப்பொழுது செல்கின்றது என்பதைக் கண்டு சொன்னவர் அவர். அவ்வழியை ஆராய்ந்துகொண்டிருக்கையிலேயே உயிர் துறந்தவரும் அவரே. அவர் வரலாற்றை இயன்றவரை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

ஜோசப் டாயின்பீ 1815-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியிலுள்ள லிங்கன்ஷையரில், ஹெக்கிங்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் டாயின்பீ நிலவளம் மிகுந்த வேளாண் செல்வர். மகன் கிங்ஸ் லின் நகரத்துப் பள்ளியிற் பயின்று, 17-ஆம் வயதில் லண்டன் சென்று, ஜெரார்டு தெருவிலிருந்த ஒரு தரும வைத்தியசாலையில் வில்லியம் வேடு என்னும் மருத்துவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அந்நாளில் ஆங்கில நாட்டு மருத்துவக் கல்வி பெரும்பாலும் நம் நாட்டுக் குருகுலவாசம் போன்றதே. ஆசிரியர்தம் இல்லத்திலிருந்து, மருந்து அரைத்து, கட்டுப்போட்டு, நோயாளிகளை நாடோறுங் கண்டு கற்பதே முறை. டாயின்பீ இதனோடு அமையாமல் உடற்கூற்று நூலிற் பெரு விருப்பங்கொண்டு, பிணவறுவைக் கூடங்களிலும் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலும் இடைவிடாது உழைத்தார். மாணவராக இருந்தபொழுதே காதைப் பற்றி மருத்துவ வார இதழுக்குக் கடிதங்கள் எழுதினார் என்பர். தம் முழுப்பெயரை வெளியிட நாணிப் பெயரின் முதலெழுத்துக்களை மட்டுமே இட்டாராம். 1838-ஆம் ஆண்டில் அறுவை மருத்துவராகத் தேர்ச்சி பெற்று, புகழ்பெற்ற விலங்குநூற் புலவர் ரிச்சர்டு ஓவெனின் கீழ், ஹன்டர் காட்சிச்சாலையில் உதவியாளரானார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட முதற்பேராராய்ச்சி காதைப் பற்றியதன்று. கண்ணின் கருவிழிமேல் மூடியுள்ள தெளிந்த படலம், மூட்டுக்களிலுள்ள குருத்தெலும்பு, மேற்றோல் முதலிய உறுப்புக்களுக்கு இரத்தக் குழாய்கள் உண்டா, இல்லையா என்பது அந்நாளிற் பெருவழக்காக இருந்தது. அவற்றிற்குத் தமக்கெனக் குழாய்கள் இல்லை என்றும், அருகிலுள்ள குழாய்களினின்றும் ஊறிவரும் நீரே அவற்றை வளர்க்கின்றது என்றும் டாயின்பீ நுண்ணிய சோதனைகளால் நிறுவினார். இவ்வாராய்ச்சி 1841-ஆம் ஆண்டில் இராயல் கழகத்தின்முன் வந்தது. அடுத்த ஆண்டே, 26 வயதே நிரம்பிய அவ்விளைஞரைக் கழகம் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. இத்துணைச் சிறப்புப் பெற்ற ஒருவர் மதிப்பு மிகுந்த வேறு எத்துறையையும் தேர்ந்திருக்கலாம். அவரோ காதைத் தேர்ந்தார்.

அந்நாளில் காது மருத்துவத்திற்கு இருந்த இழிநிலையை அறிந்தாலன்றி இத்தேர்வின் பெருமை விளங்காது. கண் மருத்துவர்க்கு நன்மதிப்பு இருந்தது. காது மருத்துவரெனின் போலி வைத்தியரென்றே கற்றோர் ஐயுற்றனர். செவிடு என்று வந்தாரது காதைச் செவ்வையாக நோக்காமலே எண்ணெய் ஊற்றுவதும், காதின்பின் கொப்புளம் எழும்படி மருந்து பூசுவதும், பேதி கொடுப்பதுமே சிகிச்சையாக இருந்தன. காரணம் வெளிப்படை. செவிப்பறைக்கு உள்ளே என்ன நிகழ்கின்றது என்பது எவர்க்குந் தெரியாது. கண்ணைத் திறந்து பார்க்கலாம். நடுச்செவியோ பாறைபோன்ற எலும்பினுள் மறைந்து கிடக்கின்றது. காது நோயால் மட்டும் மனிதர் இறப்பதும் அருமையாகக் கருதப்பட்டமையால், இறந்தோர் காதை அறுத்துப் பார்க்கும் வழக்கமும் இல்லை.

டாயின்பீ இக்குறையை நீக்க ஒரே வழிதான் உண்டென்று கண்டார். ஏறக்குறைய 2000 காதுகளை அவர் தம் வாழ்நாளில் அறுத்து ஆராய்ந்தார். சொல்வதற்கு இது எளிது. ஒரு காதை அதனைச் சூழ்ந்த கன்னவெலும்போடு வெட்டியெடுத்து, எலும்பைச் சிறிது சிறிதாக அராவி, அரிசிமணியினுஞ் சிறிய அங்கவடியெலும்பு முறியாதபடி உள்ளறையைத் திறப்பதற்குப் பல நாழிகை வேண்டும். இயன்றவிடத்தெல்லாம், அம்மனிதர் உயிரோடிருந்தபொழுது எவ்வளவு கேட்டார், எத்தகைய நோய் அவருக்கு இருந்தது என்பதைக் கேட்டறிந்து, இறந்தபின் கண்டதனோடு ஒப்புநோக்கினார். 1857-ஆம் ஆண்டில் இவ்வரிய தொகுதிக்கு விளக்கப் பட்டியலொன்று அச்சிட்டார். 1860-ஆம் ஆண்டில் செவி நோய்களைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அங்கவடியெலும்பு இறுகிப் போவதாற் செவிடு உண்டாகுமென்பதும், காதிற் சீழ் கோத்தால் அது எலும்பை அரித்து மூளைக்குச் சென்று கொல்லக்கூடும் என்பதும், இவ்வுழைப்பினால் ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டன. காதிற் சீழ் வடிவதை ஒரு பொருட்டாக எண்ணாதிருந்த மருத்துவர்க்கு இஃதொரு பேரிடியாக இருந்திருக்க வேண்டும்.

ஆயினும், அவர் கண்டவற்றுள் யான் தலையாயதாகக் கருதுவது வேறொன்று. நடுச்செவியினின்றும் ஒரு நுண்ணிய குழல் கீழ்நோக்கிச் சென்று, மூக்கின் பின்புறத்தில், உள்நாக்கிற்கு மேலே திறக்கின்றது. வளர்ந்தோர்க்கு அதன் நீளம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு உடற்கூற்றுப் புலவர் பார்த்தொலோமேயோ யூஸ்டேக்கி இதனை விரித்துரைத்தமையின் யூஸ்டேக்கியன் குழல் என்பது அதன் பெயர். 1704-ஆம் ஆண்டில் அந்நாட்டினரே ஆகிய வால்சால்வா, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றை உந்தினால் அஃது இக்குழல் வழியாகச் செவியினுட் புகும் என்று காட்டினார். குழல் இருப்பது இவ்வாறு தெரிந்தபோதிலும், அது எக்காலமும் திறந்தே கிடக்கின்றது என்றுதான் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர்.

டாயின்பீ இதனை ஏற்கவில்லை. குழல் எப்பொழுதும் திறந்திருப்பின், நாம் விடும் மூச்சொவ்வொன்றும் செவிப்பறையை உள்ளும் புறமும் அசைக்க வேண்டும். நம் குரலே நம் செவியில் இடிபோல் முழங்க வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. ஆதலின் குழல் இயல்பாக மூடியே இருக்கின்றது. அங்ஙனமாயின், அது எப்பொழுது திறக்கின்றது? இவ்வினாவிற்கு விடை காண அவர் செய்த சோதனைக்குக் கருவி ஒன்றும் வேண்டா. இதனைப் படிப்போரும் இருந்தவிடத்திலேயே செய்து பார்க்கலாம். விரல்களால் மூக்கை இறுகப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டு, எச்சிலை ஒருமுறை விழுங்குக. இரு காதும் அடைத்தாற்போலத் தோன்றும். மூக்கை விட்டாலும் அவ்வடைப்பு உடனே நீங்குவதில்லை. மூக்கைப் பிடியாமல் மறுபடியும் விழுங்கிய பின்னரே நீங்கும். விழுங்கும்பொழுது குழல் திறந்தமையால் அடைப்பு உண்டாயிற்று. உடனே மூடிக்கொண்டமையால் அது நிலைத்தது. மீண்டும் விழுங்கவே குழல் மீண்டும் திறந்து அடைப்பைத் தீர்த்தது. அண்ணத்தை அசைக்கும் தசைகளே இக்கதவைத் திறக்கும் கைகள் என்பதை அவர் உடற்கூற்றாலும் விளக்கி, 1853-ஆம் ஆண்டில் இராயல் கழகத்திற்கு எழுதினார்.

தமிழ் பயிலும் எனக்கு இவ்விடத்தில் ஓர் எண்ணம் எழுகின்றது. எழுத்தொலி பிறக்கும் இடங்களை எண்ணிய தொல்காப்பியனார், தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றோடு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றையும் கூட்டி எட்டென வகுத்தார். மூக்கும் அண்ணமும் பேச்சிற்கு உதவுவன என்பது நம் முன்னோர் என்றோ கண்ட உண்மை. அவ்விரண்டும் கேள்விக்கும் உதவுவன என்பதை நிறுவியவர் டாயின்பீ. ஊமைக்கும் செவிட்டிற்கும் உள்ள உறவை உலகம் அறியும். மூக்கிற்கும் செவிக்கும் உள்ள உறவோ அவ்வளவு எளிதிற் புலப்படுவதன்று.

அவ்வுறவு இத்தகையது. நடுச்செவியில் அடங்கியுள்ள காற்றை அவ்வறையின் உட்படலம் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றது. நாம் விழுங்குந்தோறும், கொட்டாவி விடுந்தோறும், குழல் ஒரு கணம் திறந்து, குறைந்த காற்றை நிரப்புகின்றது. உறங்கும்பொழுதும் எச்சிலை இடையிடையே விழுங்குகின்றோமாதலால் இப்பணி ஓய்வதில்லை. மூக்கின் உட்படலமும் குழலின் உட்படலமும் ஒன்றோடொன்று தொடர்ந்தவை. ஆகவே, சளியினாலோ வேறு காரணத்தாலோ மூக்கின் படலம் வீங்கின், வீக்கம் குழல்வாய்வரை செல்லும். கதவின் நிலை புடைத்துப்போனால் திறப்பவன் எவ்வளவு இழுத்தும் என் பயன்? காற்று நிரம்பாது, உள்ளிருந்த காற்றுங் குறையும், செவிப்பறை உட்குழியும், பின்னர் அவ்வறையில் நீர் ஊறித் தேங்கும். நோய்க்கிருமிகள் அந்நீரிற் புகின் அது சீழாகும். அன்றியும், மூக்கு அடைபட்டிருக்கையில் ஒருவர் விழுங்குந்தோறும், டாயின்பீயின் சோதனையை அறியாமலே தம்மேற் செய்துகொள்கின்றார்; காற்றை உட்செலுத்த வேண்டிய அச்செயலே காற்றை வெளியே இழுக்கின்றது. குழந்தைகளுக்குக் குழல் குறுகியும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் இருப்பதால், அவர்கள் இத்துன்பத்திற்கு எளிதில் ஆளாகின்றனர்.

இவை யாவற்றையும் டாயின்பீ ஒருவரே கண்டார் என்று கூறுதல் மிகையாகும். குழல் அடைபடுதலையும், தொண்டைப்புறத்துப் படலம் தடித்தலையும் செவிட்டிற்குக் காரணமாக அவர் தெளிவாக வைத்தார். நோயாளியின் காதில் ஒரு முனையும் தம் காதில் மறுமுனையுமாக ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி, அவரை மூக்கைப் பிடித்து விழுங்கச் செய்து, செவிப்பறை அசையும் மெல்லொலி கேட்கின்றதா என்று கவனிப்பார். ஒலி கேட்டால் வழி திறந்திருக்கின்றது, கேளாவிட்டால் அடைபட்டிருக்கின்றது. இதனினும் எளிய சோதனை உண்டோ? ஓட்டை விழுந்த செவிப்பறைக்கு மெல்லிய ரப்பர்த் தகட்டினாற் செயற்கைப் பறையொன்றையும் அவர் செய்தார். 1851-ஆம் ஆண்டில் லண்டனிற் புதிதாகத் திறந்த செயின்ட் மேரி மருத்துவமனை அவரைச் செவி மருத்துவராக அமர்த்தியது. வெளிநாட்டினரும் அவரை நாடி வந்தனர். அவருள் ஒருவர் அடாம் போலிட்சர் என்னும் இளைஞர். விழுங்கும்பொழுது குழல் திறக்கும் என்னும் உண்மையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, நோயாளி ஒரு வாய் நீரை விழுங்கும் அக்கணத்தில் ரப்பர்ப் பையினால் மூக்கின் வழியே காற்றைச் செலுத்தி அடைப்பை நீக்கும் முறையை அவர் 1863-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னாளில் வியன்னா நகரம் செவி மருத்துவத்திற்குத் தலைநகராயதற்கு இப்போலிட்சரே முதற்காரணர்.

மூக்கின் படலம் சளியால் மட்டும் வீங்குவதில்லை. டாயின்பீ குழந்தையாக இருந்தபொழுதே, 1819-ஆம் ஆண்டில், ஜான் பாஸ்டாக் என்னும் மருத்துவர் தமக்கே ஆண்டுதோறும் வேனிற் காலத்தில் வரும் ஒரு விந்தை நோயை லண்டன் மருத்துவர் கழகத்தில் விரித்துரைத்தார். கண் சிவந்து அரிக்கும். தும்மல் அடுக்கடுக்காக வரும். மூக்கு நீராய் ஒழுகும். வேனில் கழிந்தால் யாவும் மறையும். இதனை வைக்கோற் காய்ச்சல் என்று மக்கள் வழங்கினர். பாஸ்டாக் 1846-ஆம் ஆண்டில் லண்டனில் இறந்தார். ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒருவர் மூக்கையும் மற்றொருவர் காதையும் ஆராய்ந்து வந்தனர். எனினும் ஒருவர் ஆராய்ச்சி மற்றவர் ஆராய்ச்சியோடு கூடவில்லை. மூக்கைத் தும்மச் செய்வது எதுவோ அதுவே காதையும் அடைக்கக்கூடும் என்பதைச் சொல்ல இன்னும் பல பத்தாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

காதின் அறைக்குக் காற்று வேண்டும் என்றவர், ஏழைகள் வாழும் அறைகளுக்கும் காற்று வேண்டும் என்று போராடினார். தரும வைத்தியசாலை மருத்துவராக லண்டன் சேரிகளிற் புகுந்து திரிந்தபொழுது, பலகணியற்ற சிற்றறைகளிற் குடும்பங்கள் நெருங்கிக் கிடப்பதைக் கண்டு அவர் மனம் புழுங்கினார். மருந்தைவிட உணவும் உடையும் நல்ல காற்றுமே இவர்க்கு வேண்டும் எனக்கண்டு, அதற்கென ஒரு தரும நிதியைத் தோற்றுவித்தார். நகரங்களின் சுகாதார நிலையை ஆராய 1840-களில் அரசாங்கம் அமைத்த குழுவின்முன் காற்றோட்டத்தைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். செல்வர்தம் காதை நோக்கிப் பொருளீட்டும் ஒருவர்க்கு இவ்வேலை தேவையன்று. அவர் மகன் ஆர்னால்டு பின்னாளில் ஏழைத் தொழிலாளருக்காகவே தம் குறுகிய வாழ்நாளைச் செலவிட்டதற்கு வித்து எங்கே விழுந்தது என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை.

1846-ஆம் ஆண்டில் ஹாரியட் ஹோம்ஸ் என்னும் நங்கையை அவர் மணந்தார். மக்கள் ஒன்பதின்மர். 1854-ஆம் ஆண்டில் குடும்பத்தை விம்பிள்டன் என்னும் ஊரில் அமைத்துவிட்டு, நாடோறும் லண்டனிலுள்ள சாவில் ரோ என்னும் தெருவிற்குத் தொழிலின் பொருட்டுச் சென்று வந்தார். விம்பிள்டனில் தொழிலாளரும் செல்வரும் கலந்து படிக்கவும் சொற்பொழிவு கேட்கவும் ஒரு கழகம் அமைவதற்கு முன்னின்று உழைத்தார். சிற்றூர்தோறும் அவ்வவ்வூர்ப் பறவை, செடி, கல் முதலியவற்றைக் கொண்டு காட்சிச்சாலை அமைப்பது எவ்வாறு என்று 1863-ஆம் ஆண்டில் ஒரு சிறுநூலும் எழுதினார்.

இனி, அவர் முடிவைக் கூற வேண்டும். செவி நோயாளர் படும் துன்பங்களுட் கொடியது காதிரைச்சல். வண்டு மொய்த்தாற்போலவும் அலை மோதினாற்போலவும் இரவும் பகலும் ஓயாத அவ்விரைச்சலால் உறக்கமிழந்து உயிரையே வெறுத்தவரும் உளர். டாயின்பீயிடம் இத்தகையோர் பலர் வந்திருப்பர். அவர்களுக்கு அவர் கொடுக்க மருந்து ஒன்றும் இல்லை. காற்றுச் செல்லும் வழியே மருந்தின் ஆவியும் செல்லுமன்றோ என்று அவர் எண்ணினார். 1847-ஆம் ஆண்டு முதல் அறுவை மருத்துவத்தில் வழங்கிவந்த குளோரோபாரத்தின் ஆவியை உள்ளிழுத்து, மூக்கையும் வாயையும் மூடி, வால்சால்வா கூறிய முறைப்படி உந்தினால், அது குழல் வழியே நடுச்செவியை அடைந்து இரைச்சலைத் தணிக்கக்கூடும். நோயாளிக்குச் செய்யுமுன் தமக்கே செய்து பார்ப்பதென்று துணிந்தார். குளோரோபாரத்தோடு ஹைட்ரோசயானிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சையும் சேர்த்துப் பார்க்கத் திட்டமிட்டிருந்தார்.

1866-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள், சாவில் ரோவிலிருந்த தம் அறையில் அவர் தனித்திருந்தார். பணியாள் உள்ளே சென்றபொழுது, அவர் சாய்விருக்கையில் முகத்தின்மேற் பஞ்சோடு அசைவற்றுக் கிடந்தார். அருகே காலத்தைக் குறிக்கக் கைக்கடிகையும், சோதனைகளைக் குறித்த தாள்களும் இருந்தன. மருத்துவர் வந்து மூச்சை மீட்க முயன்றும் பயனில்லை. அப்பொழுது அவருக்கு வயது 50. ஆர்னால்டுக்கு 14 வயதும் நிரம்பவில்லை. இளைய மகள் கிரேஸுக்கு வயது ஏழு. விம்பிள்டன் செயின்ட் மேரி ஆலயத்து முற்றத்தில் அவரை அடக்கஞ் செய்தனர்.

இச்செயலை வீரமென்று புகழ்வோர் உளர். தாம் அஞ்சும் ஒன்றைப் பிறர்மேற் சோதியாமையாகிய நேர்மை அதில் உண்டென்பதை யானும் ஒப்புகின்றேன். எனினும், ஒன்பது மக்களின் தந்தை, நஞ்சின் வலியை நன்கறிந்த மருத்துவர், அறைக்கதவின்புறத்து ஒருவரையேனும் நிறுத்தியிருக்கலாகாதா என்று மனம் கேளாமலிருப்பதில்லை. ஓர் உதவியாளர் உடனிருந்து பஞ்சை எடுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். பிழைத்திருந்தால், இன்னும் இரண்டே ஆண்டுகளில் தம் வாழ்நாட் பணியின் எஞ்சிய பாதி நிறைவேறுவதைக் கண்டிருப்பார்.

அப்பாதியை நிறைவேற்றியவர் டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் நகரத்து வில்ஹெல்ம் மேயர். காது மந்தமும் மூக்கடைத்த குரலுமுடைய ஓர் இளம்பெண்ணைச் சோதிக்கையில், அவர் அண்ணத்தின் பின்னே விரலைச் செலுத்திப் பார்த்தார். மூக்கின் பின்புறம் முழுவதும் மெல்லிய சதை வளர்ந்து அடைத்திருந்தது. அதனை நீக்கினார், பெண் தேறினாள். 1868-ஆம் ஆண்டில் இதனை அவர் உலகிற்கு அறிவித்தார். டாயின்பீ காதினின்றும் புறப்பட்டுக் குழலின் வாய்வரை வந்தார். மேயர் மூக்கினின்றும் புறப்பட்டு அதே இடத்தை அடைந்தார்.

வைக்கோற் காய்ச்சலின் காரணத்தை மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி 1873-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாமும் அந்நோயால் வருந்தியவராகிய அவர், பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றாடியிற் கட்டிப் பறக்கவிட்டு, வானில் மிதக்கும் புல்லின் பூந்தாதை எண்ணினாராம்! ஒவ்வாமை என்று நாம் வழங்கும் கருத்திற்கு 1906-ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் பிர்க்கே பெயரிட்டார். அதனை உடலில் நிகழ்த்தும் இரத்தப் பொருளை 1960-களில், டாயின்பீ இறந்து ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபின், அறிஞர் பிரித்தறிந்தனர்.

ஒவ்வாமையுடையோர் மூக்கிற் பூந்தாது முதலியவற்றைத் தூவிச் செய்த சோதனைகளில், பலர்க்கு மூக்கோடு யூஸ்டேக்கியன் குழலும் அடைபடுவதை மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கண்டனர். உறவு உண்டென்பது இதனால் உறுதியாயிற்று. ஆயினும் தும்மலை அடக்கும் ஒவ்வாமை மருந்தைக் கொடுத்தால் காதின் நீரும் வற்றும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். நடுச்செவியில் நீர் தேங்கிய குழந்தைகளிடம் நடத்திய பல சோதனைகளைத் தொகுத்து நோக்கியபொழுது, அம்மருந்துகளால் அந்நீர் விரைந்து நீங்கவில்லை என்றே தெரிந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சில திங்களில் தானே நீங்கிவிடுகின்றது. நீங்காதார்க்குச் செவிப்பறையில் நுண்குழாய் வைத்துக் காற்றுக்கு வழிசெய்கின்றனர். ஒவ்வாமை பல காரணங்களுள் ஒன்றேயன்றி, அதுவே முழுக்காரணமன்று. மூக்கிற்குக் கொடுத்த மருந்து மூக்கிற்கு நலஞ்செய்யும். காதைத் தனியே சோதித்தல் வேண்டும். மூக்கடைப்போடு காது மந்தமாக உள்ள குழந்தையைக் கவனமில்லாத பிள்ளையென்று வகுப்பிற் கடிந்துகொள்ளும் ஆசிரியர் இதனை அறிந்திருப்பது நன்று.

டாயின்பீயின் தொழிலையும் பல நோயாளரையும் அவர் நண்பராகிய ஜேம்ஸ் ஹின்டன் ஏற்றுக்கொண்டார். அறுத்துச் சேர்த்த காதுகள் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக் காட்சிச்சாலையை அடைந்தன. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் எறிந்த குண்டுகளால் அக்காட்சிச்சாலையின் பெரும்பகுதி அழிந்தது. 1857-ஆம் ஆண்டில் அவர் அச்சிட்ட பட்டியல் மட்டும் நூல்நிலையங்களில் இருக்கின்றது. காதின் காற்றுவழி செவ்வையாக இயங்குகின்றதா என்று அறிய விரும்பும் மருத்துவர், நோயாளியை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை விழுங்கும்படி இன்றும் சொல்கின்றனர். அச்செயலை அவர்கள் வழங்கும் பெயர் டாயின்பீ முறை என்பதே.